பட்ஜெட் வாசிக்கிற அன்னைக்கு எதுவும் முடிவாகுறதில்ல

பிப்ரவரி ஒண்ணாம் தேதி மத்திய பட்ஜெட், மார்ச் வாக்குல மாநில பட்ஜெட். ரெண்டு நாளும் காரைக்குடில எந்த டீக்கடைக்குப் போனாலும் ஒரே கேள்விதான், நமக்கு என்ன வந்துச்சு. புது ரயில் உண்டா, ஏர்போர்ட் வருமா, ஜிஎச்சுக்கு ஏதாவது கட்டடம் சொன்னாங்களா. கீழ ஓடுற பிளாஷ் நியூஸப் பாத்து சந்தோஷப்படுறோம், இல்லன்னா கோவப்படுறோம். ஆனா அன்னைக்கு அந்த மைக்குக்கு முன்னாடி நடக்குறது ஏற்கனவே முடிஞ்சுபோன முடிவுகள வாசிக்கிறது மட்டும்தான். அதுல பெரும்பகுதி ஆறு மாசத்துக்கு முன்னாடியே பைல்ல முடிஞ்சிருக்கும், சிலது இருபது முப்பது வருஷத்துக்கு முந்தியே முடிஞ்சிருக்கும். பட்ஜெட் மட்டும் இல்ல, யாரு எந்த நாட்டுக்கு வேலைக்குப் போகலாம், போனவங்க ஒரு நாள் துரத்தப்பட்டு திரும்பி வந்தா யாரு பொறுப்பு, நாளைக்கு ஒரு தொற்று வந்தா யாருக்குப் படுக்கையும் ஆக்சிஜனும் கிடைக்கும், எல்லாமே இப்படித்தான் முடிவாகுது. பேப்பர்ல இந்த மூணும் தனித்தனி பக்கத்துல வருது. எங்க செட்டிநாட்டுப் பக்கம் உக்காந்து பாத்தா மூணும் ஒண்ணுதான், முடிவெடுக்குற நேரத்துல அரசாங்கத்தோட கணக்குல யாரு இருந்தாங்க, யாரு இல்லங்கிற ஒரே விஷயம்தான்.

மொதல்ல பட்ஜெட் எப்படி உருவாகுதுன்னு பாப்போம். மத்திய நிதி அமைச்சகம் ஆகஸ்ட் செப்டம்பர் வாக்குல எல்லா அமைச்சகத்துக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பும், உங்க செலவு மதிப்பீட்ட அனுப்புங்கன்னு. மாநிலத்துலயும் அதே மாதிரி ஒவ்வொரு துறைத் தலைவரும் தன் மதிப்பீட்டத் தயார் பண்ணி நிதித்துறைக்கு அனுப்பணும், அப்புறம் டிசம்பர் ஜனவரி வரைக்கும் பேரம் நடக்கும், இவங்க கேக்க அவங்க வெட்ட. அந்தப் பேரம் எங்கேர்ந்து ஆரம்பிக்குதுன்னு தெரியணும்னா ஒவ்வொரு துறைக்கும் எவ்வளவு வேணும்னு சட்டசபைல கேக்குற மானியக் கோரிக்கை புத்தகத்துல ஏதாவது ஒரு பக்கத்தப் பாருங்க, தமிழ்நாடு நிதித்துறை வெப்சைட்லயே பிடிஎஃப்பா கிடக்கு. ஒவ்வொரு வரிக்கும் எதிர்ல நாலு கட்டம் இருக்கும். முந்தின வருஷம் நெசமா செலவான கணக்கு, நடப்பு வருஷத்துக்கு ஒதுக்குனது, அதுவே நடுவுல திருத்துன மதிப்பீடு, கடைசியா வர்ற வருஷத்துக்கான மதிப்பீடு. விரல வச்சு அஞ்சாறு பக்கம் இப்படி குறுக்க படிச்சுப் பாத்தா போதும், நாலாவது கட்டம் எப்பவும் மொத மூணு கட்டத்தோட புள்ளையாத்தான் இருக்கும், பழைய தொகைல கொஞ்சம் கூட்டி கொஞ்சம் குறைச்சு. புதுசா ஒரு வரி நுழையுறது அவ்வளவு கஷ்டம், ஏற்கனவே இருக்குற ஒரு வரிய எடுக்குறது அதவிட கஷ்டம்.

இது அதிகாரிங்க சோம்பேறித்தனம் இல்ல. பணத்துல முக்கால்வாசி ஏற்கனவே பேசி முடிச்சது. 2025-26 மத்திய பட்ஜெட்ல ஒரு ரூபாய் எங்க போகுதுன்னு அவங்களே போட்ட படத்த எடுத்துக்கங்க, 20 பைசா பழைய கடனுக்கு வட்டி, 22 பைசா மாநிலங்களோட வரிப்பங்கு, 8 பைசா ராணுவம், 4 பைசா பென்ஷன். பாதிக்கு மேல போயிருச்சு, இன்னும் ஒரு திட்டத்தோட பேர்கூட நாம சொல்லல. மாநிலத்துலயும் சம்பளம், பென்ஷன், வட்டி, மானியம்னு இந்த நாலும் எடுத்துக்கிட்டது போக மிச்சத்துலதான் அமைச்சரு புதுசா ஏதாவது செய்ய முடியும். அதுக்கும் மேல கடன் வாங்க ஒரு வரம்பு இருக்கு, 2003ல மத்திய அரசும் கொண்டுவந்துச்சு, தமிழ்நாடும் அதே வருஷம் நிதிப் பொறுப்புடைமைச் சட்டம் போட்டுச்சு. இந்த மிச்சம் இருக்குற சின்ன இடத்துக்குத்தான் எல்லாத் துறையும் முட்டி மோதுது. 2021 ஆகஸ்ட்ல அப்ப நிதியமைச்சரா இருந்த பழனிவேல் தியாகராஜன் வெள்ளை அறிக்கை வெளியிட்டு ஒரு குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் கடன்னு சொன்னப்ப ஊரே அந்த நம்பர மட்டும் புடிச்சுக்கிச்சு, எனக்கு என்னமோ அதவிட முக்கியமாப் பட்டது, புது அரசாங்கம் வந்தாலும் கை அசைக்க எவ்வளவு கொஞ்சமா இடம் இருக்குங்கிறத அந்த அறிக்கை பச்சையா காட்டுனதுதான்.

இந்த முட்டல் மோதல்ல எப்பவும் தோக்குறது ரெண்டு பேரு. ஒண்ணு, கணக்கெடுக்குறப்ப ஊர்ல இல்லாதவங்க. ரெண்டு, பலன் கண்ணுக்குத் தெரியாத செலவு. செட்டிநாட்டுக்கு மொதலாவது தலைமுறை தலைமுறையா பழகிப்போனது, ரெண்டாவது கொரோனால கண்ணு முன்னாடி நடந்துச்சு.

ஊர்ல இல்லாதவங்க விஷயத்துக்கு நிதி ஆணையத்துலேர்ந்து வரணும். அரசியல் சாசனம் 280வது பிரிவுப்படி அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு நிதி ஆணையம் அமைச்சு, மத்திய வரில மாநிலங்களுக்கு எவ்வளவு, அதுல எந்த மாநிலத்துக்கு எவ்வளவுன்னு முடிவு பண்றாங்க. 13வது ஆணையத்துல தமிழ்நாட்டுப் பங்கு 4.969 சதவீதம், 14வதுல 4.023, 15வதுல 4.079. கேக்க சின்ன நம்பரா இருக்கும், லட்சக்கணக்கான கோடிகள்ல ஒரு சதவீதம் குறைஞ்சா வருஷத்துக்கு எத்தன ஆயிரம் கோடின்னு நீங்களே போட்டுப் பாத்துக்கங்க. 15வது ஆணையத்தோட சூத்திரத்துல பணக்கார மாநிலத்துக்கும் ஏழை மாநிலத்துக்கும் உள்ள வருமான இடைவெளிக்கு 45 சதவீதம் வெயிட், மக்கள்தொகைக்கு 15, பரப்பளவுக்கு 15, காடு சூழலுக்கு 10, மக்கள்தொகைய கட்டுப்படுத்துனதுக்கு 12.5, வரி வசூல் முயற்சிக்கு 2.5. முன்னாடியெல்லாம் 1971 மக்கள்தொகைய வச்சுப் பங்கு போட்டாங்க, அப்புறம் 2011க்கு மாத்துனாங்க, குடும்பக் கட்டுப்பாட்ட ஒழுங்கா செஞ்ச தெற்கு மாநிலங்களுக்கு அடி விழுந்துச்சு, அதுக்கு ஒத்தடம் கொடுக்கத்தான் அந்த 12.5. ஏழை மாநிலத்துக்கு கூடக் கொடுக்கணுங்கிறதுல எனக்கு மறுப்பு இல்ல, பீகார்லேர்ந்தும் ஒடிசாலேர்ந்தும் வந்து நம்ம ஊரு ஓட்டல்லயும் கட்டட வேலையிலயும் உழைக்கிற பசங்க ஊருக்கு அந்தப் பணம் போய்த்தான் ஆகணும். ஆனா செஸ், சர்சார்ஜ்னு பேரு வச்சு வசூல் பண்ற பணத்த இந்தப் பங்குக்குள்ளயே கொண்டுவராம மத்திய அரசே வச்சுக்குறது நியாயமே இல்ல.

இதே தலைக்கணக்குதான் மாநிலத்துக்குள்ள ஊராட்சி வரைக்கும் இறங்குது. உள்ளாட்சிக்குப் பணம் பிரிக்கிறப்பயும் மக்கள்தொகைதான் பெரிய அளவுகோல். இப்ப கானாடுகாத்தானையோ பள்ளத்தூரையோ எடுத்துக்கங்க. ஒரு தெருவுலேர்ந்து அடுத்த தெரு வரைக்கும் நீளுற வீடுகள், முகப்பு பட்டாலை வளவு இரண்டாங்கட்டுன்னு, பாதிக்கு மேல பூட்டிக் கெடக்கும். படைப்புங்கிற முன்னோர் வழிபாட்டுக்கோ கல்யாணத்துக்கோ சென்னைலேர்ந்து கோலாலம்பூர்லேர்ந்து ஆளுங்க வந்து இறங்குனா அந்த ஒரு வாரம் தெருவுக்குத் தண்ணியும் குப்பை வண்டியும் பத்தாது. பிள்ளையார்பட்டில சதுர்த்திக்கு வர்ற கூட்டம் என்ன, அந்த ஊராட்சியோட நிரந்தர ஜனம் என்ன. சாக்கடையும் ரோடும் வந்து போற அத்தனை பேருக்கும் தாங்கணும், பணம் மட்டும் சென்சஸ்காரங்க வந்தப்ப வீட்ல இருந்தவங்க தலைக்குத்தான்.

நகரத்தார், அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்கள், தங்களுக்குள்ள வச்சிருக்குற கணக்கு இதுக்கு நேர் எதிர். ஒம்பது நகரக் கோயில்ல ஏதாவது ஒண்ணுல, கல்யாணமாகி தனிக் குடும்பமானா ஒரு புள்ளி. அந்தப் புள்ளி சிங்கப்பூர்ல இருந்தாலும் டெக்சாஸ்ல இருந்தாலும் புள்ளிதான், புள்ளி வரி கட்டணும், கோயில் காரியத்துல பங்கும் உண்டு. நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கலுக்கு சீட்டு எடுக்குறப்ப ஆளு எங்க இருக்காருன்னு பாக்குறதில்ல. அரசாங்கத்தோட கணக்குக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான், அங்க நீ எங்க தூங்குறங்கிறதுதான் கேள்வி, இங்க நீ எந்த ஊருக்குக் கட்டுப்பட்டவங்கிறது. அரசாங்கம் அப்படியே இத எடுத்துக்க முடியாது, ஒரு சாதிக்குள்ள நடக்குற கணக்கு நாட்டுக்கு ஆகாது. ஆனா வெளிய போனவங்களயும் ஒரு வரில எழுதி வைக்க முடியுங்கிறதுக்கு கண்ணு முன்னாடி அத்தாட்சி இருக்கு.

அரசாங்கம் வெளிய போனவங்கள எப்படி எழுதி வைக்குதுன்னு பாத்தா மனசு ஆறாது. 1983 குடியேற்றச் சட்டம்தான் இன்னைக்கும் அடிப்படை. அதுல பத்தாவது பாஸ் பண்ணாதவங்க பாஸ்போர்ட்ல ஈசிஆர்னு, அதாவது வேலைக்குப் போக அனுமதி தேவைன்னு, குத்துவாங்க, அவங்க வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாட்டுக்கு வேலைக்குப் போகணும்னா குடிபெயர்வோர் பாதுகாவலர் ஆபீஸ்ல அனுமதி வாங்கணும். அந்த அனுமதியோடதான் பத்து லட்ச ரூபாய் இன்சூரன்சும் வருது, அரசாங்கத்தோட பதிவேட்லயும் பேரு ஏறுது. இப்ப புதுவயல் ரைஸ் மில்லுல மூட்டை தூக்கிக்கிட்டு இருந்த ஒரு தம்பி, எட்டாவது வரைக்கும் படிச்சவன், முறையா மலேசியா போனா அவன் பேரு டெல்லி கம்ப்யூட்டர்ல இருக்கும். அவன் தம்பி பத்தாவது பாஸ், அதே மலேசியாவுக்கு அதே வேலைக்குப் போறான், அவன் பேரு இருக்காது. மூணாவது ஒருத்தன் வேலைத்திறன் டெஸ்ட் அடிச்சு சிங்கப்பூர் போறான், சிங்கப்பூர் அந்த 18ல இல்ல, அவன் எத்தனாவது படிச்சிருந்தாலும் அந்தப் பதிவேட்ல பேரு இருக்காது. டூரிஸ்ட் விசாவுல போய் வேலைல மாட்டிக்கிறவங்க கதை தனி. 2015ல தமிழ்நாட்டுக்குன்னு ஒரு புலம்பெயர்வு சர்வே எடுத்தப்ப சுமார் 22 லட்சம் பேர் வெளிநாட்டுல இருக்காங்கன்னு தெரிஞ்சுது, அதுல சிங்கப்பூர்தான் மொத இடம்னும் தெரிஞ்சுது. அதாவது நம்ம ஜனம் அதிகமா இருக்குற நாட்டுக்குப் போறவங்களத்தான் நம்ம பதிவேடு எழுதவே இல்ல. கேரளா 1996லயே நோர்க்கான்னு தனித் துறை வச்சு 1998லேர்ந்து தொடர்ந்து சர்வே எடுக்குது. நம்ம அரசு 2011ல வெளிநாடு வாழ் தமிழர் நலச் சட்டம் போட்டுச்சு, இப்ப அயலகத் தமிழர் நலத்துறையும் இருக்கு, ஜனவரி 12 அயலகத் தமிழர் தினமாவும் நடக்குது, நல்லதுதான், ஆனா விழாவ விட சர்வே முக்கியம்னு நான் நெனைக்கிறேன்.

இன்னொரு பக்கம் பாருங்க, சிங்கப்பூர்ல வெளிநாட்டுத் தொழிலாளிக்கு முதலாளி அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டிய லெவிங்கிற வரியும், ஒரு உள்ளூர் ஆளுக்கு எத்தன வெளிநாட்டு ஆளு வச்சுக்கலாங்கிற விகிதமும் பல நேரம் அவங்க பட்ஜெட் உரையிலதான் அறிவிக்கிறாங்க. 2022 பட்ஜெட்ல கட்டுமானத்துறைக்கு ஒண்ணுக்கு ஏழுன்னு இருந்தத 2024 ஜனவரிலேர்ந்து ஒண்ணுக்கு அஞ்சுன்னு குறைச்சாங்க. அங்க ஒரு வரி மாறுனா இங்க தேவகோட்டைல ஒருத்தன் டெஸ்ட்டுக்குக் கட்டுன பணமும் ஏஜெண்டுக்குக் கொடுத்த அட்வான்சும் ஆடும். அவங்க ரெண்டு வருஷம் அவகாசம் கொடுத்துத்தான் மாத்துனாங்க, அவங்க நாட்டு முதலாளிங்களுக்காக. நம்ம பையனுக்கு அது காதுல விழுறதுக்கே ஏஜெண்ட் சொன்னாத்தான் உண்டு. செட்டிநாட்டோட நெசமான பட்ஜெட்ல பாதி சிங்கப்பூர்லயும் கோலாலம்பூர்லயும் துபாய்லயும்தான் முடிவாகுதுன்னு சொன்னா அது மிகை இல்ல.

இது புதுசும் இல்ல. பர்மாவுல 1930ல கீழ்ப்பர்மாவோட முக்கியமான 13 நெல் மாவட்டங்கள்ல செட்டியார்கள் கைல இருந்த நிலம் 6 சதவீதம், 1938ல அது 25 சதவீதம். யாரும் நிலம் வாங்க ஆசைப்பட்டுப் போகல, உலகப் பொருளாதார மந்தத்துல அரிசி விலை விழுந்து, கடன் வாங்குன விவசாயி கட்ட முடியாம அடமானம் மூழ்கி நிலமா கைக்கு வந்துச்சு. நிலம் போன பர்மிய விவசாயிக்கு அது எவ்வளவு பெரிய வலின்னு அன்னைக்கு நம்ம பக்கத்துல யோசிச்சவங்க குறைவு, அதையும் சொல்லணும். 1937ல பர்மா இந்தியாலேர்ந்து பிரிஞ்சதோட முடிவெடுக்குற இடமே மாறிருச்சு, 1942ல ஜப்பான் படை வந்தப்ப லட்சக்கணக்கான ஜனம் நடந்தே கிளம்புச்சு, 1948ல நில தேசியமயம், 1962ல நே வின்னோட ராணுவ ஆட்சி, 1964ல கடைகள் தேசியமயம், அதே வருஷம் 50, 100 சாட் நோட்டு செல்லாது. ரங்கூன்ல எடுத்த முடிவு காரைக்குடில வீட்டுக்கு வீடு அடுப்புல தெரிஞ்சுது. அதே 1964 அக்டோபர்ல சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கை மலையகத்துல தோட்ட வேலைக்குப் போய்த் தங்குன இந்திய வம்சாவளி ஜனம் 9,75,000 பேர்ல 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர அப்புறம் பாத்துக்கலாம்னு வச்சாங்க, 1974ல அதையும் பாதிப் பாதியாப் பிரிச்சாங்க. ரெண்டு அரசாங்கம் உக்காந்து தலைய எண்ணிப் பிரிச்சுக்கிச்சு, அந்தத் தலைகள்ல ஒண்ணுகிட்டகூட கேக்கல. இத எழுதுறப்ப எனக்கு இன்னும் கோவம் வருது.

அந்த மலையகத்து ஜனம் போன வழியிலதான் தொற்றுநோய் விஷயமும் வந்து சேருது. காரைக்குடிலேர்ந்து ராமேஸ்வரம் ரயில்ல போனா பாம்பன் பாலத்துக்கு முன்னாடி மண்டபம் கேம்ப்னு ஒரு ஸ்டேஷன் வரும். வெள்ளைக்காரன் காலத்துல இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணுல நடத்துன தனிமைப்படுத்தும் முகாம் அது. ஆளு சேக்குற கங்காணி கூட்டிட்டு வர்ற தோட்டத் தொழிலாளிங்கள அங்க சில நாள் நிறுத்தி வச்சு, காலரா, அம்மை, பிளேக் இருக்கான்னு பாத்து, அம்மை குத்தி, அப்புறம்தான் கப்பல்ல ஏத்துவாங்க. நூறு வருஷத்துக்கு முன்னாடியே படுக்கை, டாக்டர், தண்ணி, சமையல்னு நிரந்தரமா ஒரு தயார்நிலை. ஏன் அதுக்கு மட்டும் பணம் இருந்துச்சு? ஒரு தோட்டத்துக்குள்ள காலரா போனா எவ்வளவு நஷ்டம்னு துரைமாரு தெளிவா கணக்குப் போட்டு வச்சிருந்தாங்க. ஜனத்தோட உசிருக்காக இல்ல, தேயிலைக்காக. ஆனா அதுலேர்ந்து ஒண்ணு தெரியுது, நடக்காத நோயோட நஷ்டத்த யாராவது பலமானவங்க முன்கூட்டியே கணக்குல எழுதுனா அரசாங்கம் பணம் ஒதுக்குது. அந்த மண்டபம் பின்னால தாயகம் திரும்புனவங்களப் பாத்துச்சு, 1983க்கு அப்புறம் அகதிகளப் பாத்துச்சு, இன்னைக்கும் அங்க அகதி முகாம் இருக்கு.

மத்தபடி தயார்நிலைக்கு ஓட்டும் இல்ல, கைதட்டும் இல்ல. வராத நோய்க்கு யாரு ரிப்பன் வெட்டுறது? ஆண்ட்ரூ ஹீலி, நீல் மல்ஹோத்ரான்னு ரெண்டு ஆய்வாளர்கள் அமெரிக்கத் தேர்தல்கள வச்சு 2009ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. பேரிடர் வந்தப்புறம் நிவாரணம் கொடுத்த ஆளுங்கட்சிக்கு ஜனம் ஓட்டுப் போடுது, முன்கூட்டியே தடுக்க செலவு பண்ணுனதுக்கு ஓட்டு நகரவே இல்ல, ஆனா தடுப்புல போடுற ஒரு டாலர் பின்னால வர்ற நஷ்டத்துல சுமார் 15 டாலர மிச்சப்படுத்துதுன்னு கணக்கு. அங்க மட்டும் அப்படின்னு நெனைக்காதீங்க, நம்மகிட்டயும் ஜிஎச்ல புதுக் கட்டடம் வந்தா போட்டோ வரும், மாவட்டத்துல ஒரு நோய்க் கண்காணிப்பு ஆளுக்கான போஸ்டிங் மூணு வருஷம் காலியா கெடந்தா எவனுக்கும் தெரியாது. புத்தகத்துல தயார்நிலை எழுதி வச்சாலும் ஆகாது, 2019ல வந்த உலக சுகாதாரப் பாதுகாப்புக் குறியீட்டுல அமெரிக்கா மொத இடம், பிரிட்டன் ரெண்டாவது இடம், அடுத்த வருஷம் அந்த ரெண்டு நாட்டுலயும் எத்தன பேர் செத்தாங்கன்னு நமக்குத் தெரியும். பிரிட்டன் 2016லயே சிக்னஸ்னு ஒரு ஒத்திகை நடத்தி, பெரிய தொற்று வந்தா நம்ம ஏற்பாடு பத்தாதுன்னு தன் கையாலயே எழுதி வச்சிருந்துச்சு.

நம்ம கதைக்கு வருவோம். 2020 மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்குச் சொல்லி பன்னெண்டு மணிக்கு நாடு பூட்டியாச்சு. அந்த முடிவுக்கு அன்னைக்கு கைல இருந்த சட்டம் என்னன்னா பம்பாய் பிளேக் காலத்து 1897 தொற்றுநோய்ச் சட்டமும், புயல் வெள்ளத்த மனசுல வச்சு எழுதுன 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டமும்தான். பணத்துக்கும் அதே பாடு. மாநிலங்கள் கைல பேரிடர் நிதி இருந்துச்சு, அத கொரோனாவுக்கு எடுக்கலாமான்னு விதி இல்ல, மார்ச் 14 அன்னைக்கு மத்திய அரசு அனுமதி கொடுத்துச்சு, அதுலயும் 35 சதவீதத்துக்கு மேல கூடாதுன்னு ஒரு வரம்பு, செப்டம்பர்லதான் 50 ஆச்சு. வெளிமாநிலத் தொழிலாளிங்க விஷயத்துல 1979லேர்ந்தே சட்டம் இருந்துச்சு, அதுல பதிவு பண்ணணும்னும் இருந்துச்சு, ஆனா நடந்து போய் செத்தவங்க எத்தன பேருன்னு 2020 செப்டம்பர்ல பார்லிமெண்டுல கேட்டப்ப கணக்கு இல்லன்னு பதில் வந்துச்சு. கணக்குல இல்லாதவங்களுக்கு இழப்பீடும் இல்ல. அதே 2020ல சிங்கப்பூர்ல என்ன ஆச்சு? ஊருக்குள்ள கட்டுப்பாடா பாத்துக்கிட்டாங்க, உலகமே பாராட்டுச்சு, ஆனா தொழிலாளி தங்குற டார்மிட்டரில ஒரு ரூமுக்கு பன்னெண்டு பதினஞ்சு பேருன்னு படுத்திருந்தத யாரும் நோய்க் கணக்குல எடுத்துக்கல. டிசம்பர்ல அவங்க அரசே சொன்ன கணக்குப்படி டார்மிட்டரில இருந்தவங்கள்ல 47 சதவீதம் பேருக்கு தொற்று வந்து போயிருந்துச்சு, ஒன்றரை லட்சம் பேருக்கு மேல. அதுல எத்தன பேரு சிவகங்கை, புதுக்கோட்டைப் பசங்க. வீட்ல அம்மா அப்பா ராத்திரியெல்லாம் வீடியோ காலப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்த வீடுங்க இந்தப் பக்கத்துல ஏராளம்.

ரெண்டாவது அலைல ஆக்சிஜன். ஆஸ்பத்திரிலயே ஆக்சிஜன் தயாரிக்கிற 162 பிளாண்டுக்கு 2020 அக்டோபர்லதான் டெண்டர் விட்டாங்க, மொத்தமே சுமார் 201 கோடி ரூபாய், மத்திய பட்ஜெட்ல அது கண்ணுக்கே தெரியாத தொகை. 2021 ஏப்ரல் நடுவுல 33தான் நிறுவியிருந்தாங்க. அதே பிப்ரவரி பட்ஜெட்ல தடுப்பூசிக்கு 35,000 கோடி ஒதுக்குனது தலைப்புச் செய்தி, 201 கோடி பிளாண்டு எந்த நிலைல இருக்குன்னு ஒரு டீக்கடைலயும் பேச்சு இல்ல, என்னையும் சேத்து. தயார்நிலை இல்லன்னா கடைசில எந்த மாதிரி முடிவு எடுக்க வேண்டி வருதுன்னா, 2018ல 13 பேரு துப்பாக்கிச் சூட்டுல செத்துப் பூட்டுன தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலைய ஆக்சிஜனுக்காகத் திறக்கலாமான்னு 2021 ஏப்ரல் 26 அன்னைக்கு அனைத்துக் கட்சிக் கூட்டம் கூட்டி, நாலு மாசத்துக்கு சரின்னு சொல்ல வேண்டி வந்துச்சு. அந்த ஊரு ஜனத்துக்கு அது எப்படி இருந்திருக்கும்.

தமிழ்நாடு அந்த நேரத்துல ஓரளவு தாங்குனதுக்கு அன்னைக்கு எடுத்த முடிவுகள் மட்டும் காரணம் இல்லங்கிறதையும் சொல்லணும். 1939லயே மெட்ராஸ் மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டம் போட்டுச்சு, நாட்டுலயே மொதல்ல. பொதுச் சுகாதாரத்துக்குன்னு தனி இயக்குநரகம், அதுக்குன்னே தனியா அதிகாரிங்க, ஆஸ்பத்திரி வைத்தியத்துக்கு வேற ஆளுங்க. 1994ல மருத்துவப் பணிகள் கழகம் வந்து, மாநிலம் பூரா மருந்த ஒரே இடத்துல டெண்டர் போட்டு வாங்கி மாவட்டக் கிடங்குல வைக்கிற ஏற்பாடு ஆச்சு. இது எல்லாம் அந்த நாலு கட்டத்துல பழைய தொகையா உக்காந்துருச்சு, யாரும் வருஷா வருஷம் போராட வேண்டியதில்ல. ஆனா கொரோனா நேரத்துல ஒப்பந்தத்துல எடுத்த நர்சுங்களுக்கு 2022 கடைசியோட வேலை முடிஞ்சுருச்சு, ரோட்ல உக்காந்து போராடுனாங்க. அவங்க அவசரச் செலவுங்கிற வரில இருந்தாங்க, சம்பளங்கிற வரிக்குள்ள வரவே இல்ல. தேசிய சுகாதாரக் கொள்கை 2017ல எழுதுன மாதிரி 2025க்குள்ள ஜிடிபில 2.5 சதவீதம் பொது சுகாதாரத்துக்குன்னு ஒரு இலக்கு இருந்துச்சு, அத எட்டல. அடுத்த தொற்றுக்கு யாரு தயாருன்னு கேட்டா, எந்த ஆளு எந்த வரில இருக்காருன்னுதான் நான் பாப்பேன்.

அதனால நமக்கு என்ன வந்துச்சுன்னு கேக்க வேண்டிய மாசம் பிப்ரவரியோ மார்ச்சோ இல்ல. துறைகள் மதிப்பீடு தயார் பண்ற செப்டம்பர் அக்டோபர்ல நம்ம ஊராட்சி, நகராட்சி, ஜிஎச்லேர்ந்து என்ன எழுதிப் போகுதுன்னு கேக்கணும். காரைக்குடி 2024ல மாநகராட்சி ஆயிருச்சு, தரம் உயர்ந்தா போஸ்டிங்கும் உயரணும், சுகாதார ஆய்வாளர் எத்தன பேரு கேட்டிருக்காங்கங்கிறது கேக்க வேண்டிய கேள்வி. அக்டோபர் ரெண்டு, நவம்பர் ஒண்ணு கிராம சபைல தீர்மானமா போட்டா அது பைலுக்குப் போற நேரம் சரியா இருக்கும், மே ஒண்ணாம் தேதி போட்டா அந்த வருஷ பட்ஜெட் முடிஞ்சிருக்கும். வள்ளல் அழகப்பர் இந்த நேரக் கணக்க நல்லா புரிஞ்சு வச்சிருந்தாரு. புது ஆராய்ச்சி நிலையங்கள் எங்க எங்க வரலாம்னு டெல்லி யோசிச்சுக்கிட்டு இருந்தப்பவே 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் எடுத்து முன்னாடி வச்சாரு, 1948 ஜூலைல நேரு வந்து அடிக்கல் நாட்டுனாரு, 1953ல சிக்ரிங்கிற மின்வேதியியல் ஆய்வகம் திறந்தாச்சு. பெரிய நகரம் எதுவும் பக்கத்துல இல்லாத ஊருக்கு ஒரு தேசிய ஆய்வகம் வந்தது அறிவிப்புக்கு அப்புறம் போய்க் கேட்டு இல்ல.

பணம் இல்லாத நமக்கும் அதே மாதிரி ஒரு சந்தர்ப்பம் இருக்கு, சென்சஸ். 2021ல எடுக்க வேண்டியது தள்ளித் தள்ளிப் போயிருச்சு, ரேஷன்லேர்ந்து நிதிப் பங்கு வரைக்கும் 2011 தலைக்கணக்குலயே ஓடுது. புதுக் கணக்குக்கு வீட்டுப் பட்டியல் 2026 ஏப்ரல்லேர்ந்து செப்டம்பருக்குள்ள, ஆளுங்க கணக்கு 2027 பிப்ரவரில, மார்ச் ஒண்ணாம் தேதிய வச்சுன்னு அறிவிச்சிருக்காங்க. வெளிநாட்டுல இருக்குறவங்க அதுல வரமாட்டாங்க, அத சென்சஸ் மாத்தப்போறதில்ல, அவங்களுக்கு தனி சர்வேதான் வழி, அத மாநில அரசு கேரளா மாதிரி அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்கணும்னு கேக்கலாம். ஆனா இங்கயே இருக்குறவங்க விட்டுப்போகக் கூடாது. பெரிய வீட்டுப் பின்கட்டுல காவலுக்குத் தங்கியிருக்குற குடும்பம், ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைலயும் ஓட்டல் மாடிலயும் தங்கியிருக்குற வெளிமாநிலப் பசங்க, முன்வாசல் பூட்டிக் கெடக்குறதப் பாத்து கணக்கெடுக்க வர்றவங்க பூட்டுன வீடுன்னு எழுதிட்டுப் போற இடம் எல்லாம் இதுதான். அப்படி ஒரு வீடு உங்க தெருவுல இருந்தா, அவங்க வர்ற அன்னைக்குக் கூட நின்னு பின்வாசலக் காட்டி விடுங்க.